பழியும் பிணியும்: போவன்பள்ளிச் சுற்றுவட்டார மருத்துவ வரலாற்றில் புகைப்பழக்கமுடைய நோயாளர்

முன்னுரை

நோய்க்கு மருந்து கண்ட வரலாறு பலரால் விரிவாக எழுதப்பட்டுள்ளது. நோயாளியின்மேல் ஏற்றப்பட்ட பழியின் வரலாறு அவ்வாறு எழுதப்படவில்லை. ஒரு நோய் வந்தவுடன் 'இது யாரால் வந்தது?' என்னும் வினா எழுகிறது. அவ்வினாவிற்கு ஊழ் விடையாக இருந்த காலமும், தொற்று விடையாக இருந்த காலமும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'நோயாளியால்தான்' என்னும் விடை வலுப்பெற்றது. அவ்விடைக்குப் பெரிதும் இலக்கானவர்கள் புகைபிடிப்போர். நாட்பட்ட இருமலோடும் இரைப்போடும் மருத்துவமனை வாயிலை மிதிக்கும் பீடித் தொழிலாளி, மருந்தோடு பழியையும் சேர்த்தே பெற்றுத் திரும்புகிறார். இந்நிலை தோன்றிய வகையையும் அது மருத்துவத்தையே பாதித்த வகையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வின் களமாக ஐதராபாத்தின் வடபகுதியில் செகந்தராபாத் கண்டோன்மெண்டை ஒட்டிய போவன்பள்ளிச் சுற்றுவட்டாரம் கொள்ளப்படுகிறது. 1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அமைந்த செகந்தராபாத், மதராஸ் படைப்பிரிவுகளோடு வந்து குடியேறிய தமிழர்க்கும் ஊராயிற்று. 1862இல் பி. சோமசுந்தர முதலியார் அங்கே தொடங்கிய பள்ளியே பின்னாளில் மகபூப் கல்லூரி எனப் பெயர்பெற்றது. ஆயின் இவ்வட்டாரத்தைக் களமாகக் கொள்வதற்குத் தமிழர் குடியேற்றம் மட்டும் காரணமன்று. போவன்பள்ளியை மையமாக வைத்து நோக்கினால், சில கல் தொலைவுக்குள் மூன்று நோய்களின் வரலாறு மூன்று இடங்களில் பதிந்திருப்பது புலப்படும். பேகம்பேட்டையில் மலேரியா, கூக்கட்பள்ளியில் தொழுநோய், எர்ரகட்டாவில் நெஞ்சகநோய். இம்மூன்றிலும் பழி வெவ்வேறு வகையில் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது.

பழியற்ற நோய், பழியேறிய நோய்

மதராஸ் 19ஆம் காலாட்படையோடு செகந்தராபாத்திற்கு வந்த இராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் பேகம்பேட்டையில் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அவர் சோதனைக்குத் தன்னுடலைக் கொடுத்த உசேன் கான் என்னும் நோயாளி, தன்னைக் கடித்த ஒவ்வொரு கொசுவிற்கும் ஓர் அணா பெற்றார் என்பது மருத்துவ வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அதுவரை சதுப்புநிலத்தின் கெட்ட காற்றால் வருவதாகக் கருதப்பட்ட காய்ச்சலுக்குக் கொசு பொறுப்பாயிற்று. கொசு கடித்தவனை எவரும் பழிப்பதில்லை. மலேரியா நோயாளிக்கு இரக்கம் கிடைத்தது, கொய்னாவும் கிடைத்தது.

தொழுநோயின் நிலை வேறு. நோயை முன்வினையின் பயனாகக் காணும் கருத்து இந்திய மருத்துவ மரபிலும் இடம்பெற்றதே. அகத்தியர் பெயரால் வழங்கும் கன்மகாண்ட நூல் நோய்களைக் கன்மத்தோடு பொருத்திக் காண்பது சித்த மருத்துவ மாணவர் அறிந்த ஒன்று. நார்வே நாட்டு ஹான்சன் 1873இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். கிருமி கண்டறியப்பட்டதும் வினைப்பழி நீங்கியிருத்தல் வேண்டும். நடந்தது அதற்கு மாறானது. இந்திய அரசின் 1898ஆம் ஆண்டுத் தொழுநோயர் சட்டம், வறிய தொழுநோயரைப் பிடித்து ஒதுக்கிவைக்க வழிசெய்தது. அச்சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்கிற்குக் காரணமாகக் கொண்ட சட்டப்பிரிவுகள் 2019இல் திருத்தப்பட்டன. ஐதராபாத் மேயராகவும் விளங்கிய ராணி குமுதினி தேவி 1958இல் கூக்கட்பள்ளியில் சிவானந்தா மறுவாழ்வு இல்லத்தை நிறுவினார். பத்தமடையில் பிறந்து ரிஷிகேசத்தில் துறவியாக வாழ்ந்த சுவாமி சிவானந்தரின் பெயர் அதற்கு இடப்பட்டது. மருந்து வந்தபின்னும் வீட்டார் ஏற்காத நோயாளருக்கு ஒரு வீடு தேவைப்பட்டது என்பதே அவ்வில்லத்தின் தோற்றத்தால் பெறப்படும் செய்தி.

அறிவியல் உண்மை வெளிப்பட்டால் பழி தானே மறையும் என்னும் நம்பிக்கை மலேரியாவிற்குப் பொருந்துகிறது, தொழுநோய்க்குப் பொருந்தவில்லை. புகைப்பவரின் நெஞ்சகநோய்க்கோ, அறிவியலே பழிக்குப் புதிய சான்று தந்தது.

புகையிலை: மதிப்பிலிருந்து இழிவுக்கு

போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவிற்கு வந்த புகையிலை தொடக்கத்தில் இழிபொருளாகக் கருதப்படவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றிய 'புகையிலை விடுதூது', பழனி முருகனிடம் தூது செல்லும் தகுதியைப் புகையிலைக்கு வழங்குகிறது. அன்னத்தையும் கிளியையும் முகிலையும் தூதுவிட்ட மரபில் ஒரு போதைப்பொருள் வந்து அமர்ந்ததை வேடிக்கை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. உ.வே.சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பித்துள்ளார் என்பதும் நோக்கத்தக்கது. மூலிகை, விருந்தோம்பல் பொருள், வணிகச் சரக்கு என்னும் மூன்று நிலைகளிலும் புகையிலை மதிப்புப் பெற்றிருந்தது. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்றது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் புகழ், 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதற்கதையில் துப்பறிவாளர் அச்சுருட்டின் சாம்பலை அடையாளங்காணும் அளவிற்குப் பரவியிருந்தது. ஆங்கிலத்தின் 'செரூட்' என்னும் சொல் தமிழின் 'சுருட்டு' என்பதன் திரிபே. தெலுங்கில் வழங்கும் 'சுட்ட' என்பதைத் தமிழின் 'சுற்று' என்னும் வினையோடு ஒப்பிடலாம். தமிழ் றகர இரட்டை தெலுங்கில் டகர இரட்டையாதல் இயல்பு.

ஐதராபாத்தில் இம்மதிப்பு ஆலைவடிவம் பெற்றது. 1930இல் தோன்றிய வசீர் சுல்தான் புகையிலை நிறுவனம் நகரின் சின்னமான சார்மினாரின் பெயரையே தன் சிகரெட்டுக்கு இட்டது. சத்யஜித் ராய் படைத்த துப்பறிவாளர் ஃபெலுதா புகைப்பதும் சார்மினார்தான். (துப்பறிவாளர்களுக்கும் புகையிலைக்கும் உள்ள உறவு தனி ஆய்வுக்குரியது.) செகந்தராபாத்தில் இயங்கிவந்த காந்தி மருத்துவமனை 2003இல் முஷீராபாத்திற்கு இடம்பெயர்ந்தபோது, அசாமாபாத்திலுள்ள அவ்வாலைக்கு அண்மையில் சென்று அமைந்தது. நகரமைப்பின் இத்தகைய தற்செயல்கள் எவருக்கும் உறுத்தலாகப் படுவதில்லை.

சிகரெட்டுக்கு ஆலை என்றால் பீடிக்கு வீட்டுத்திண்ணை. திருநெல்வேலி, வேலூர் மாவட்டங்களிலும் தெலங்கானாவின் நிசாமாபாத், கரீம்நகர் பகுதிகளிலும் பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றினர். நடுவணரசு 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தையும் 1976இல் நலநிதிச் சட்டத்தையும் இயற்றியது. திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலில் பீடித் தொழிலாளருக்கென மருத்துவமனை அமைந்தது. புகையிலைத் தூளைச் சுவாசித்து இருமும் பெண்ணுக்கு நலநிதி உண்டு. அதே பீடியைப் புகைத்து இருமும் ஆணுக்கு அறிவுரை உண்டு. உழைப்பால் வந்த நோய், பழக்கத்தால் வந்த நோய் என்னும் இப்பாகுபாட்டில் பழியின் இலக்கணம் அடங்கியுள்ளது.

மதிப்பு வீழ்ந்ததற்கான அறிவியல் காரணங்கள் அறிந்தவையே. 1950இல் இங்கிலாந்தில் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோரும் அமெரிக்காவில் வைண்டர், கிரஹாம் ஆகியோரும் புகைப்பிற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் அறிக்கை வந்தது. இவ்வுண்மைகள் எத்தனையோ உயிர்களைக் காத்தவை. அவற்றில் ஐயத்திற்கு இடமில்லை. அவ்வுண்மைகள் நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்தபோது என்ன உருவம் கொண்டன என்பதே இங்கு எழும் சிக்கல்.

நெஞ்சகநோயும் வீட்டு மருத்துவமும்

காசநோய்க்குத் தமிழில் பெயர்கள் பல: சயரோகம், என்புருக்கி, ஈளை. மருந்து இல்லாத காலத்தில் தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே சிகிச்சை எனப்பட்டன. மதனபள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915இல் காசநோய் உறைவிட மருத்துவமனை செயற்பட்டது. 1928இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். ஐதராபாத்தில் பிரபு ஃபக்ருல் முல்க்கின் 'இர்ரம் நுமா' மாளிகை காசநோய் மருத்துவமனையாக மாறி எர்ரகட்டா நெஞ்சக மருத்துவமனை எனப் பெயர்பெற்றது. விகாராபாத்தை அடுத்த அனந்தகிரிக் காட்டிலும் ஒரு காசநோய் இல்லம் எழுந்தது. இவையனைத்தும் ஊருக்கு வெளியே அமைந்தவை. தூய காற்று ஊருக்கு வெளியேதான் இருந்தது என்பது ஒரு காரணம். நோயாளி ஊருக்கு வெளியே இருக்கவேண்டும் என்னும் விருப்பம் மற்றொரு காரணம். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன.

இவ்வமைப்பைச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு அடியோடு அசைத்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையத்தை நிறுவின. நகரின் வறிய பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளர் தற்போக்கு முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் உறைவிட மருத்துவமனையில் ஓய்வும் நல்லுணவும் கவனிப்பும் பெற்று ஓராண்டு மருந்துண்டனர். மற்றவர் நெருக்கடி மிகுந்த தம் வீட்டில் இருந்தபடியே, குறைந்த உணவோடும் உழைப்போடும், அதே மருந்தை உட்கொண்டனர். 1959இல் முடிவுகள் வெளிவந்தன. வீட்டில் மருந்துண்டவரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்குக் கூடுதலான தொற்று ஏற்படவில்லை என்பதும் பின்தொடர்ந்த ஆய்வில் தெளிந்தது. அம்மையம் 2011இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

அறிவியல் இதழ்களில் இவ்வாய்வு மருந்தின் வெற்றியாகவே பேசப்படுகிறது. சமூக வரலாற்று நோக்கில் இதன் பயன் வேறு. நோயாளியைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை என்பதைச் சொல்லுக்கு அப்பாற்பட்ட சான்றோடு நிறுவிய முதல் ஆய்வு இது எனலாம். வீட்டாரின் அச்சத்திற்கு இருந்த மருத்துவ நியாயம் நீங்கியது. காசநோயாளி மீண்டும் ஒரு வீட்டின் தலைவனாகவும் தாயாகவும் இருக்க வழி பிறந்தது.

எண்கள் தந்த பழி

வீட்டிற்குள் திரும்பிய நோயாளியைப் பிறிதொரு பழி வந்தடைந்தது. 2003இல் லான்செட் இதழில் கஜலட்சுமி, ரிச்சர்டு பீட்டோ, கனகா, பிரபாத் ஜா ஆகியோரின் ஆய்வு வெளிவந்தது. சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்ட ஊரகத்திலும் இறந்த ஏறத்தாழ 43,000 ஆண்களின் புகைப்பழக்கம், உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிடப்பட்டது. நகர்ப்பகுதியில் 25 முதல் 69 வயதுக்குட்பட்ட ஆண்களில், புகைத்தவர் காசநோயால் இறக்கும் வீதம் புகைக்காதவரைப் போல 4.5 மடங்கு எனத் தெரியவந்தது. இந்தியாவில் ஆண்களின் காசநோய் இறப்புகளில் பாதிக்குப் புகைப்பு ஒரு காரணம் என ஆய்வாளர் கணித்தனர். அதுவரை காசநோயைக் கிருமியோடும் வறுமையோடும் மட்டும் தொடர்புபடுத்தி வந்த மருத்துவ உலகிற்கு இது பேரதிர்ச்சி.

2005இல் திருவள்ளூர் மாவட்ட ஆய்வு ஒன்று மற்றொரு பக்கத்தைக் காட்டியது. காசநோய் மையத்தினர், குணமானதாக அறிவிக்கப்பட்ட 503 நோயாளரைப் பின்தொடர்ந்தனர். 62 பேருக்கு நோய் மீண்டது. மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாமை, தொடக்கத்திலேயே இருந்த மருந்தெதிர்ப்பு, புகைப்பழக்கம் ஆகிய மூன்றும் நோய் மீள்வதோடு தொடர்புடையன எனக் காணப்பட்டது.

இவ்வெண்கள் சொல்வது எது, சொல்லாதது எது என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். 'பாதி இறப்புகள்' என்பது மக்கள் திரளைப் பற்றிய கூற்று. எதிரே அமர்ந்திருக்கும் ஒரு நோயாளியைச் சுட்டி 'உன் நோய் உன் பீடியால் வந்தது' என்று சொல்ல அக்கூற்று இடந்தருவதில்லை. புகைக்காதவருக்கும் காசநோய் வருகிறது. புகைத்தும் வராதவர் பலர் உளர். புகை நுரையீரலின் தற்காப்பைக் குலைத்து, உறங்கிக்கிடக்கும் தொற்றை நோயாக வளரவிடுகிறது. ஆயினும் அத்தொற்று எங்கிருந்து வந்தது, நெருக்கடியான குடிலும் குறையுணவும் அதில் என்ன பங்கு வகித்தன என்னும் வினாக்கள் அப்படியே நிற்கின்றன. நோய் அறிவியலின் திரள்கூற்று, புறநோயாளர் பிரிவின் மேசையருகே தனிமனிதக் குற்றச்சாட்டாக உருமாறுகிறது. இவ்வுருமாற்றத்தை எந்த ஆய்வாளரும் பரிந்துரைக்கவில்லை. ஒரு நாளில் நூற்றுக்கணக்கானவரைப் பார்க்கவேண்டிய மருத்துவருக்குப் பழி ஒரு சுருக்கெழுத்தாகப் பயன்பட்டுவிடுகிறது.

சமூகவியலார் டால்காட் பார்சன்ஸ் 1951இல் 'நோயாளர் பாங்கு' பற்றி எழுதியபோது, நோயுற்றவர் தம் நிலைக்குப் பொறுப்பாளர் ஆகார் என்பதை அப்பாங்கின் ஒரு கூறாகக் கொண்டார். புகைப்பவருக்கு இவ்விலக்கு மறுக்கப்படுகிறது. எர்விங் கோஃப்மன் 1963இல் சமூக வடுவைப் பற்றி எழுதிய நூலில், வெளிப்படையாகத் தெரியும் வடுவையும் மறைக்கத்தக்க வடுவையும் வேறுபடுத்தினார். புகைப்பழக்கம் இரண்டிற்கும் இடைப்பட்டது. சொல்லால் மறைக்கலாம், கறைபடிந்த விரலும் மூச்சின் வாடையும் காட்டிக்கொடுக்கும்.

மேலைநாடுகளில் இது நேரடி மறுப்பாகவே வெளிப்பட்டதுண்டு. 1993இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், புகைப்பதை நிறுத்தினாலன்றி இதயச் சோதனை செய்ய இயலாது எனத் திருப்பியனுப்பப்பட்ட ஒருவர், பழக்கத்தை விட்டபின் சோதனை நடைபெறுமுன் இறந்தார். நாடெங்கும் அது விவாதமாயிற்று. 2004இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று நுரையீரல் புற்றுநோயாளர் 45 பேரின் வாய்மொழியைத் திரட்டியது. தாம் புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் நோயின் பெயரே தம்மைக் குற்றவாளியாக்கிவிட்டது என்பது அவர்கள் பலரின் உணர்வு.

மறைத்தலும் மரியாதையும்

தமிழ், தெலுங்குச் சூழலில் இப்பழி வேறொரு பண்பாட்டுக் கூறோடு பிணைந்துள்ளது. பெரியவர் முன் புகைப்பதில்லை என்பது இங்கே மரியாதையின் இலக்கணம். தந்தை தெருமுனையில் தோன்றினால் மகன் பீடியை உள்ளங்கைக்குள் மடக்குவான். மகன் புகைப்பதைத் தந்தை அறிவார். தந்தை அறிவார் என்பதை மகனும் அறிவான். அறிந்தும் அறியாதது போன்ற இவ்வொழுங்கு பொய்யன்று. உறவைக் காக்கும் முறைமை. மருத்துவரும் மதிப்பிற்குரியவரே. அவர் 'பீடி சிகரெட் உண்டா?' என்று கேட்கும்போது நோயாளி 'இல்லை' என்றோ 'எப்போதோ ஒன்று' என்றோ கூறுவதில் தண்டனைக்கு அஞ்சுதல் ஓரளவே. அவையடக்கமும் அதில் உண்டு. அருகில் மனைவியோ மகளோ நின்றால் விடை மேலும் சுருங்கும். பழிக்கு நாணுதலைச் சான்றாண்மையாகப் போற்றிய அறநூல் மரபில் வளர்ந்தவரிடம், நாணத்தை விட்டுவிட்டு உண்மையைச் சொல் என்பது எளிய வேண்டுகோள் அன்று.

இதன் விளைவு மருத்துவத்தின்மேல் விழுகிறது. நாட்பட்ட மூச்சடைப்பு நோயாளி ஒருவர் பழக்கத்தை மறைத்தால் நோயைக் கணிப்பதே பிழைபடும். பர்ஜர் நோயில் இது இன்னும் கொடிது. லியோ பர்ஜர் 1908இல் விளக்கிய இந்நோயில் கைகால்களின் சிறு குருதிக்குழாய்கள் அடைபட்டு விரல்நுனி கருகும். பீடி புகைக்கும் இளம் ஆண்களிடம் இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும். புகைப்பதை முற்றிலும் நிறுத்துதலே இதன் முதல் மருந்து. நிறுத்தாவிடில் விரல், பாதம், கால் என்று அறுவை மேலேறும். இங்கே 'விட்டுவிடு' என்பது மருத்துவக் குறிப்பாகும், அறவுரை ஆகாது. அவ்வேறுபாடு நோயாளியின் செவிக்கு எட்டும்வகையில் சொல்லப்படுகிறதா என்பதில்தான் ஒருவரின் கால் தங்கியுள்ளது. முன்னரே பழித்த வாயிலிருந்து வரும் மருத்துவக் குறிப்பும் பழியாகவே கேட்கும்.

பீடிக்கும் சிகரெட்டுக்கும் இடையிலான படிநிலையும் குறிப்பிடத்தக்கது. 2016-17ஆம் ஆண்டின் வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியரில் 10.7 விழுக்காட்டினர் புகைத்தனர். பீடி புகைத்தோர் 7.7 விழுக்காடு, சிகரெட் புகைத்தோர் 4.0 விழுக்காடு. ஆகவே புகைக்கும் நோயாளியெனில் பெரும்பாலும் பீடி புகைக்கும் ஏழை. 'நீங்கள் புகைப்பீர்களா?' என்னும் வினா அவரிடம் 'பீடி குடிப்பாயா?' என்று ஒருமையில் வருகிறது. புகையிலைமேல் உள்ள வெறுப்பு எவ்வளவு, வறுமைமேல் உள்ள வெறுப்பு எவ்வளவு எனப் பிரித்தறிவது கடினம்.

புகைக்கும் பெண்ணின் நிலை முற்றிலும் வேறு. மேற்குறித்த கணக்கெடுப்பில் புகைக்கும் பெண்கள் 2.0 விழுக்காட்டினரே. ஆயின் ஆந்திராவின் வடகடற்கரையில், சீகாகுளம் பகுதி ஊர்களில், மூதாட்டியர் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் உண்டு. தெலுங்கில் இதனை 'அட்ட பொக' என்பர். பிண்ட்போர்க், மேத்தா, குப்தா முதலியோர் 10,169 ஊர்மக்களின் அண்ணத்தைச் சோதித்து 1971இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழக்கத்திற்கும் அண்ணத்தில் தோன்றும் மாற்றங்களுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. அவ்வூர்களில் அது பெண்ணுக்கு இழுக்கன்று. அதே பெண் பிழைப்பிற்காக நகருக்குப் பெயர்ந்து மருத்துவர் முன் வாய் திறக்கும்போது அது இழுக்காகிறது. பழி என்பது பொருளில் இல்லை, இடத்தில் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சீகாகுளத்தில் பின்னர் நடந்தது பழிக்கு மாற்றான ஒரு வழியையும் காட்டியது. எர்ணாகுளம், பாவ்நகர், சீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் 36,000 புகையிலைப் பயனரை ஆண்டுதோறும் அவர்கள் இல்லத்திலேயே கண்டு, வாயைச் சோதித்து, தனித்தனியே பேசி, திரைப்படம் காட்டிப் பழக்கத்தைக் குறைக்க முயன்றனர். 1986இல் லான்செட் இதழில் வெளிவந்த ஐந்தாண்டு முடிவுகளின்படி, ஒப்பீட்டுப் பிரிவினரைவிட இவர்களில் மிகுதியானோர் புகையிலையை விட்டனர். வாயில் வெண்படலம் தோன்றுவதும் குறைந்தது. சென்னைக் காசநோய் ஆய்வைப் போலவே இங்கும் மருத்துவம் வீட்டைத் தேடிச் சென்றது. வீட்டுத்திண்ணையில் மருத்துவர் விருந்தினர். மருத்துவமனையில் நோயாளி விண்ணப்பதாரர்.

ஐதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் மிருகசீரிடக் கார்த்தி நாளில் பதினி குடும்பத்தார் வழங்கும் மீன் பிரசாதத்தையும் இவ்விடத்தில் எண்ணிப்பார்த்தல் தகும். உயிருள்ள சிறு மீனின் வாயில் மஞ்சள்நிறக் கூழை வைத்து விழுங்கச் செய்யும் இம்முறை 1845இலிருந்து நடந்துவருவதாகக் குடும்பத்தார் கூறுவர். அதன் மருத்துவப் பயன் நிறுவப்படவில்லை; எதிர்ப்பிற்குப்பின் 'மருந்து' என்னும் பெயரும் 'பிரசாதம்' என மாறியது. இருந்தும் நாம்பள்ளிப் பொருட்காட்சித் திடலில் இரைப்பு நோயாளர் ஆயிரக்கணக்கில் கூடுகின்றனர். மூடநம்பிக்கை என ஒதுக்குவது எளிது. அவ்வரிசையில் நிற்பதற்குத் தன் பழக்கவழக்கத்தை எவரிடமும் ஒப்புவிக்க வேண்டுவதில்லை என்பதும் அதன் ஈர்ப்பிற்கு ஒரு காரணமாகலாம்.

சட்டத்தின் மொழி

2001 நவம்பர் 2ஆம் நாள் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் பொதுவிடங்களில் புகைப்பதைத் தடுக்க ஆணையிட்டது. 2003இல் சிகரெட், பிற புகையிலைப் பொருள்கள் சட்டம் வந்தது; 2008 அக்டோபர் 2 முதல் பொதுவிடத் தடை விரிவாக நடைமுறைக்கு வந்தது. பிறர் விடும் புகையால் துன்புறுவோரைக் காப்பதே இவற்றின் நோக்கம். அந்நோக்கம் முழுதும் நியாயமானது. சட்டத்தின் பார்வையில் புகைப்பவர் 200 ரூபாய் வரை தண்டம் கட்டவேண்டிய மீறலாளர். அவரே நோயாளியாக வரும்போது அவரை எவ்வாறு நடத்துவது என்பதைச் சட்டம் பேசவில்லை. மருத்துவமனை வளாகத்திற்குள் புகைத்தல் குற்றமானதும் நோயாளர் வாயிலுக்கு எதிரேயுள்ள பான் டப்பாவிற்குச் சென்றனர். தமிழகத்துப் பெட்டிக்கடையின் ஐதராபாத் வடிவம் அது. இரத்தச் சோதனைக்குக் காத்திருக்கும் இடைவெளியில் அங்கே ஒரு பீடி.

2009 மே 31 முதல் புகையிலைப் பொட்டலங்களில் எச்சரிக்கைப் படங்கள் இடம்பெற்றன. 2016 ஏப்ரல் முதல் பொட்டலத்தின் 85 விழுக்காட்டுப் பரப்பை அவை கொண்டன. புகைக்கத் தொடங்காதவரை இப்படங்கள் தடுக்கும். அப்படத்திலுள்ள நோய் ஏற்கெனவே வந்துவிட்டவர் அதில் தம்மையே காண்கிறார். அச்சமூட்டும் பொருளாகத் தம் உடல் பயன்படுவதைக் காண்கிறார். பொதுநலத்தின்பொருட்டு இது ஏற்கத்தக்க விலை என்று வாதிடலாம். விலை ஒன்று கொடுக்கப்படுகிறது என்பதையேனும் ஒப்புதல் வேண்டும்.

மாற்றம் மெல்ல வந்தது. 2016இல் 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி உதவி தொடங்கியது. முகந்தெரியாத குரலிடம் உண்மை சொல்வது எளிது. 2017இல் காசநோய்த் திட்டத்தையும் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தையும் இணைக்கும் தேசியச் செயல்திட்டம் வெளியாயிற்று. ஒவ்வொரு காசநோயாளியிடமும் புகையிலைப் பழக்கத்தைக் கேட்டறிந்து, சுருக்கமாக அறிவுரை கூறி, விட உதவ வேண்டும் என அது வகுத்தது. எல்லாரிடமும் கேட்கப்படும் வினா ஒருவரைத் தனித்துச் சுட்டுவதில்லை. காய்ச்சலையும் எடையையும் குறிப்பது போல இதனையும் குறிக்கும்போது வினாவிலிருந்து குற்றச்சாட்டு கழிகிறது.

எர்ரகட்டா

2015 சனவரியில் தெலங்கானா அமைச்சரவை எர்ரகட்டா நெஞ்சக மருத்துவமனையை விகாராபாத்தின் அனந்தகிரிக்கு மாற்றிவிட்டு, அவ்விடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்ட முடிவுசெய்தது. அனந்தகிரியின் காற்று நெஞ்சக நோயாளருக்கு நல்லது என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. சென்னை ஆய்வின் முடிவுகள் வெளிவந்து 55 ஆண்டுகளுக்குப் பின்னரும் உறைவிட மருத்துவக் காலத்தின் அதே வாதம் அமைச்சரவை வரை வந்துசேர்ந்தது வியப்பிற்குரியது. போவன்பள்ளியிலிருந்தோ சனத்நகரிலிருந்தோ நகரப் பேருந்தில் ஏறி, காலையில் சளிச்சோதனைக்குக் கொடுத்துவிட்டு, நண்பகலில் வேலைக்குத் திரும்பும் கூலித்தொழிலாளி ஏறத்தாழ 70 கிலோமீட்டர் செல்ல நேர்ந்திருக்கும். வாரத்தில் ஒருநாள் கூலி போனால் மருந்து நிற்கும். மருந்து நின்றால் நோய் மீளும். அதன்பின் அவர் 'ஒழுங்காக மருந்துண்ணாதவர்' என்னும் பட்டியலிலும் சேர்க்கப்படுவார். எதிர்ப்பு எழுந்தது, திட்டம் நிறைவேறவில்லை. 2022 ஏப்ரல் 26ஆம் நாள் அவ்வளாகத்திலேயே பன்னோக்கு உயர் மருத்துவமனை ஒன்றிற்கு அடிக்கல் நாட்டப்பட்டது.